வெயில் பிடித்ததும் மெஷின் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆக: மலையகத்தில் சிறிய பெற்றோல் எஞ்சின் பராமரிப்பு

தைப்பொங்கல் முடிந்து வெயில் பிடித்ததும் தலவாக்கலையில் என் கராஜ் வாசலில் மெஷின்கள் வந்து வரிசையாக நிற்கும். மரக்கறித் தோட்டத்துத் தண்ணி பம்ப், மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர், புல்வெட்டும் மெஷின், கடைக்காரர்களின் சின்ன ஜெனரேட்டர். கொண்டுவருகிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா ஓடின மெஷின்ண்ணே. வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. இப்ப இழுத்தா ஸ்டார்ட் ஆகுதில்ல."

வெச்சது வெச்சபடியே இருந்ததுதான் காரணம். நம் மலையில் இந்தச் சின்ன எஞ்சின்கள் வேலை செய்து கெடுவதைவிட, சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். தொட்டியில் மிச்சமிருந்த பெற்றோல், பகல் வெயிலும் இரவுக் குளிருமாக மாறி மாறி உள்ளே படிகிற ஈரம், மாதக்கணக்கில் மாற்றாத ஒயில். எல்லாம் மெதுவாக நடக்கிற வேலை. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கீழே சொல்வதில் முக்கால்வாசியை வீட்டு வாசலில், ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு பழந்துணியும் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

முதலில்: டூ ஸ்ட்ரோக்கா, போர் ஸ்ட்ரோக்கா?

மெஷினைச் சுற்றிப் பாருங்கள். பெற்றோல் மூடி ஒன்று, ஒயில் மூடி தனியாக இன்னொன்று இருந்தால் அது போர் ஸ்ட்ரோக். பெரும்பாலான தண்ணி பம்பும் ஜெனரேட்டரும் இந்த வகை. பெற்றோல் மூடி மட்டும் இருந்தால் அது டூ ஸ்ட்ரோக். தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷின், மரம் அறுக்கிற செயின் சோ இரண்டும் அநேகமாக இந்த வகைதான். அதற்குப் பெற்றோலிலேயே டூ டி ஒயில் கலந்து ஊற்ற வேண்டும்.

இது தெரிந்த விஷயம்தானே என்று நினைக்கலாம். அண்ணன் வாங்கிய மெஷினைத் தம்பி எடுத்துக்கொண்டு போகிற வீடுகளில் இங்கேதான் பிசகுகிறது. ஒயில் கலக்காத பெற்றோலில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சில நிமிடங்களே நன்றாக ஓடும். அப்புறம் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு திருத்துகிற செலவு கிட்டத்தட்ட இன்னொரு மெஷின் வாங்குகிற செலவுதான். கலவைப் பெற்றோல் கேனில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக "டூ டி" என்று எழுதி வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள்.

பெற்றோல்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

ஒக்டேன் 92 போதும். இந்த எஞ்சின்களுக்கு 95 அடிப்பதால் கூடுதல் பலம் எதுவும் வராது. அந்தக் காசுக்கு நல்ல ஒயில் வாங்கலாம்.

கலவைக்கு மெஷின் புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். 25க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி லீற்றர் ஒயில். 50க்கு 1 என்றால் 20 மில்லி லீற்றர். கண்ணளவு வேண்டாம். மருந்துக் கடையில் ஊசி போடாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் அளவு பிசகாது. முதலில் பாதிப் பெற்றோல், பிறகு முழு ஒயில், மூடிக் குலுக்கி, மிச்சப் பெற்றோல், மறுபடி ஒரு குலுக்கு. ஒவ்வொரு தடவை மெஷினுக்கு ஊற்றும்போதும் கேனைக் குலுக்க வேண்டும்.

ஒயில் டின்னில் ஜாசோ எப்சி (JASO FC) அல்லது எப்டி (FD) என்ற தர அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் குளிர்கிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அதுதான் ஏற்றது. படகு எஞ்சினுக்கு விற்கிற டூ டி ஒயில் வேறு. அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்குச் செய்தது. லொறியில் இருந்து வடித்த பழைய ஒயிலைக் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இருக்கிற கரியும் இரும்புத் தூளும் நேராகச் சிலிண்டருக்குள் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி, பழைய பெற்றோல். ஒரு மாதத்துக்கு மேல் வைத்த பெற்றோலை நான் எந்த மெஷினுக்கும் ஊற்றுவதில்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் கோட் காட்டி வரிசையில் நின்று அடித்த காலத்தில் கிடைத்ததையெல்லாம் கேனில் சேமித்து வைத்தோம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேன்களைத் திறந்து அடுத்த வருடம் மெஷினுக்கு ஊற்றியவர்கள் பலர் என்னிடம் வந்தார்கள்.

அப்படி வந்த ஒரு பம்பின் காபரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பாகம்) இப்போதும் நினைவிருக்கிறது. அடியில் இருக்கிற 10 இலக்க போல்ட்டைக் கழற்றி, கிண்ணத்தைக் கீழே இறக்கினேன். உள்ளே பெற்றோல் இல்லை. அடி முழுக்கப் பலாப்பால் போல ஒரு பிசின், பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில். விரலால் தொட்டால் நூலாக இழுத்தது. மிதவை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நிற்கிற பித்தளை ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைமுடி அளவு ஓட்டை. அந்தப் பக்கம் வெளிச்சமே தெரியவில்லை. எஞ்சினுக்குப் போக வேண்டிய பெற்றோல் முழுவதும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்தால் எத்தனை தடவை இழுத்தும் பயனில்லை.

அப்படி அடைத்த ஜெட்டைக் காபரேட்டர் கிளீனர் அடித்து ஊற விடுங்கள். பிறகு பழைய கரண்ட் வயரில் இருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி அதை மெதுவாக நுழைத்து எடுங்கள். தையல் ஊசி வேண்டாம். இரும்பு பித்தளையைச் சுரண்டி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் அந்த மெஷின் எந்நாளும் கறுப்புப் புகைதான்.

தண்ணீர் இன்னொரு எதிரி. அரைத்தொட்டி பெற்றோலுடன் மெஷின் வெளியே கிடந்தால், இரவுக் குளிரில் தொட்டியின் உள்சுவர் வியர்க்கும். அந்தத் துளி பெற்றோலைவிடக் கனம். அதனால் அடியில் போய் உட்கார்ந்து, முதல் ஆளாகக் காபரேட்டருக்குள் இறங்கும். பம்ப் எஞ்சின்கள் பலவற்றில் பெற்றோல் டெப்புக்குக் கீழே சின்னக் கப் ஒன்று இருக்கும். டெப்பை மூடிவிட்டு அதைக் கழற்றி உள்ளங்கையில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கண்ணாடி மணி போல உருளும். துடைத்துவிட்டுப் போடுங்கள்.

இதைச் சொல்லாமல் அடுத்த பகுதிக்குப் போக மாட்டேன்: லயத்து வீட்டுக்குள் பெற்றோல் வைக்காதீர்கள். ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்த வீடுகளுக்குப் போவதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். அடுப்பும் பெற்றோலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது. வெளியே, நிழலில், பூட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி போதும். சோடாப் போத்தலில் பெற்றோல் வாங்கி வருவதையும் நிறுத்துங்கள். தாகத்தோடு விளையாடி வருகிற பிள்ளைக்கு அது பெற்றோல் என்று தெரியாது.

ஒயில் (போர் ஸ்ட்ரோக்குக்கு)

நம் பக்கத்துப் பம்புகளில் நிறைய, ஹொண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினோ அதே அமைப்பில் செய்த எஞ்சினோதான். அதைக் கணக்கில் வைத்தே சொல்கிறேன். ஒயில் கொள்ளளவு சுமார் 600 மில்லி லீற்றர். 10டபிள்யூ-30 நல்ல தெரிவு. ஜனவரியில் நுவரெலியாவில் புல்லில் பனி உறைகிற காலையிலும் அது இளகி ஓடும். புது எஞ்சினுக்கு முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது விழுகிற தூள் எல்லாம் அந்த முதல் ஒயிலில்தான் இருக்கும். அதற்குப் பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. எது முந்துகிறதோ அது.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடித்த ஒயிலைக் கானில் (தண்ணீர் ஓடுகிற வடிகாலில்) ஊற்றாதீர்கள். நம் கான்கள் எல்லாம் ஏதோ ஓர் ஆற்றில்தான் போய் முடிகின்றன. கேனில் பிடித்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

ஒயில் மட்டம் பார்ப்பதில் மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மட்டமான இடம் கிடைப்பதே அரிது. பம்பை ஆற்றங்கரைச் சரிவில் வைத்தபடி குச்சியை இழுத்துப் பார்த்தால் அது காட்டுவது பொய். ஒரு பலகையை அண்டைக் கொடுத்து மெஷினை மட்டமாக்கிவிட்டுப் பாருங்கள். இந்த வகை எஞ்சினில் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டு எடுக்க வேண்டும், திருகி இறுக்கக் கூடாது. திருகிப் பார்த்தால் இருப்பதைவிட ஒயில் கூடுதலாக இருப்பது போலக் காட்டும். வேலை நடக்கும்போதும் மெஷின் சாய்ந்து நின்றால் ஒயில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஒயில் குறைந்தால் தானாக நிற்கிற சுவிட்ச் உள்ள எஞ்சின், ஒயில் நிறைய இருந்தும் சரிவில் நின்றுபோவது இதனால்தான்.

எயார் பில்டர்

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஈரம்தான் தொல்லை. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் நடு வருடத்து வறண்ட காற்றில் தூசிதான் தொல்லை. புத்தகத்தில் 50 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கும். தூசி காலத்தில் நான் பத்து மணித்தியாலத்திலேயே திறந்து பார்க்கச் சொல்வேன்.

ஸ்பொஞ்ச் பில்டரை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கக் கூடாது. நிழலில் நன்றாகக் காய வேண்டும். மழை நாளில் சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேல் கட்டித் தொங்க விடுகிறார்கள். அதில் பெற்றோல் வாடை இருக்கும், வேண்டாம். ஒன்று காயும்வரை இன்னொன்றைப் போட, இரண்டு ஸ்பொஞ்ச் வைத்துக்கொள்வதுதான் வழி. காய்ந்த பிறகு கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, எல்லா இடமும் பரவும்படி பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். தூசியைப் பிடிப்பது அந்த ஒயில்தான். இரட்டைப் பில்டரில் உள்ளே இருக்கிற கடதாசிப் பில்டரைக் கழுவக் கூடாது, ஒயில் போடவும் கூடாது. தட்டித் தூசி உதிர்த்தால் போதும், கறுத்துவிட்டால் மாற்றுங்கள்.

பில்டர் இல்லாமல் ஓட்டினால் இழுவை கூடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போகிற மண் சிலிண்டரை சாண்ட் பேப்பர் போலத் தேய்க்கும்.

பிளக்கும், நம் மலையின் உயரமும்

பிளக்கைக் கழற்றினால் முதலில் துடைக்காதீர்கள், பாருங்கள். நுனி பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கரி போல வறண்ட கறுப்பு என்றால் பெற்றோல் கூட, காற்றுக் குறைவு. ஈரமான கறுப்பு என்றால் ஒயில் மேலே ஏறுகிறது, அல்லது டூ ஸ்ட்ரோக்கில் கலவை ஒயில் கூடிவிட்டது. சாம்பல் வெள்ளையாக இருந்தால் உடனே கவனியுங்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம்.

ஜிஎக்ஸ் வகைக்குப் பிளக் நுனியின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லி மீற்றர். பல புல்வெட்டும் மெஷின்களில் அது 0.5 முதல் 0.7க்குள் இருக்கும், புத்தகத்தைப் பாருங்கள். திரும்பப் போடும்போது கையாலேயே கடைசிவரை திருகுங்கள். மர (திருகுப் புரி) சரியாகப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்று போதும். அலுமினிய ஹெட்டில் மர அழிந்தால் பிறகு பெரிய வேலை.

இப்போது கறுப்புப் பிளக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கந்தப்பளையில் இருந்து ஓர் ஐயா புதுப் பம்பைக் கொண்டுவந்தார். இரண்டு மாதத்தில் மூன்று பிளக் மாற்றியிருந்தார். கறுப்புப் புகை, பெற்றோல் செலவு அதிகம், இழுவை இல்லை. பில்டர் சுத்தம், சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கிற மூடி) சரியாகத் திறக்கிறது, ஒயிலும் சரி. மெஷினில் குற்றமே இல்லை. அது தாழ்ந்த ஊருக்கு அளந்து வைத்த காபரேட்டர், அவ்வளவுதான்.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதே ஜெட் அதே அளவு பெற்றோலைக் கொடுக்கிறது. அதை எரிக்கப் போதிய காற்று இல்லை. எரியாத பெற்றோல் கரியாகப் பிளக்கில் படிகிறது. எப்போதும் 1,500 மீற்றருக்கு மேலேயே ஓட்டுகிற எஞ்சினுக்குச் சின்ன ஜெட் போட்டுத் திருத்தும்படி ஹொண்டா புத்தகமே சொல்கிறது. அந்த ஐயாவின் பம்புக்கும் அதைத்தான் செய்தோம். ஜெட் மாற்றினாலும் 300 மீற்றருக்கு 3.5 வீதம் என்ற கணக்கில் பலம் குறையத்தான் செய்யும். அது மெஷினின் பிழையல்ல, வாங்கும்போதே கொஞ்சம் பெரிய எஞ்சினாக வாங்குவதுதான் தீர்வு. ஒரு எச்சரிக்கை: இங்கே சின்ன ஜெட் போட்ட மெஷினை மஹியங்கனைப் பக்கம் வயலுக்குக் கொண்டுபோய் அப்படியே ஓட்டினால், அங்கே பெற்றோல் போதாமல் சூடாகிக் கெடும். டூ ஸ்ட்ரோக்கில் திருகாணியைச் சும்மா திருகி பெற்றோலைக் குறைக்கவே வேண்டாம். அதில் பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைகிறது.

உயரம் பற்றிப் பேசும்போது இன்னொன்று. "எஞ்சின் நல்லா ஓடுது, பம்ப் தண்ணி இழுக்குதில்ல" என்று வருகிறவர்களுக்கு: பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றால் அதிகபட்சம் 10.3 மீற்றர் தள்ள முடியும். நுவரெலியாவில் 8 மீற்றரைச் சற்றுத் தாண்டும். குழாயின் உரசல், வோல்வின் தடை எல்லாம் போக நடைமுறையில் 5 மீற்றருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பம்பை மேலே பாத்திக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழே ஆற்றுக்குப் பக்கத்தில் இறக்கி வையுங்கள். மேலே தள்ளுவது அதற்குக் கஷ்டமில்லை.

சில்லறை வேலைகள்

சிலிண்டரைச் சுற்றி இருக்கிற தகடுகளுக்கு நடுவே புல்லும் ஒயிலும் சேர்ந்து கட்டியாகிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு பிரஷால் எடுங்கள். புல்வெட்டும் மெஷினின் நுனியில், பிளேட்டுக்கு மேலே இருக்கிற கியர்ப் பெட்டியில் 25 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வைக்க வேண்டும். பக்கத்தில் சின்ன போல்ட் ஒன்று இருக்கும், பலர் அதைத் திறந்ததே இல்லை. சைலன்சர் வாயில் உள்ள வலை கரியால் அடைத்தால் மெஷின் மூச்சு முட்டும். வயர் பிரஷால் தேய்த்தால் சரி. கயிறு பிரிந்திருந்தால் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். போர் ஸ்ட்ரோக்கில் வோல்வ் இடைவெளியை 300 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். உள்வாங்கும் பக்கத்துக்கும் வெளியேற்றும் பக்கத்துக்கும் அளவு வேறு, மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) பிடித்துப் பழக்கமில்லை என்றால் இதை மட்டும் மெக்கானிக் பாஸிடம் விடுங்கள். எந்த வேலைக்கும் முதலில் பிளக் கெப்பைக் கழற்றிவிட வேண்டும். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளோ குசினியிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் வாடையே இல்லாமல் ஆளைக் கொல்கிற வாயு இருக்கிறது.

இத்தனை மணித்தியாலக் கணக்கை எப்படி ஞாபகம் வைப்பது? தோட்டத்துச் செக்ரோலில் (வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற புத்தகத்தில்) ஆளுக்குப் பேர் போடுவது போல மெஷினுக்கும் ஒரு கொப்பியில் பேர் போடுங்கள். இன்று முழுப் பேர், நாளைக்கு அரைப் பேர். முழுப் பேரை எட்டு மணித்தியாலம் என்று கூட்டினால் கணக்கு வந்துவிடும்.

மழைக்கு முன் மூடி வைப்பது

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் இதைச் செய்யுங்கள். அரை மணித்தியால வேலை.

தொட்டிப் பெற்றோலைக் கேனில் வடித்து வேறு வாகனத்துக்கு ஊற்றிவிடுங்கள். டூ டி கலந்தது என்றால் இன்னொரு டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குத்தான் போக வேண்டும். போர் ஸ்ட்ரோக்கில் டெப்பை மூடி, காபரேட்டர் அடியில் இருக்கிற வடிகால் போல்ட்டைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்குங்கள். டூ ஸ்ட்ரோக்கில் தொட்டி காலியான பிறகு ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி சுத்தமான ஒயிலை ஓட்டை வழியாக விடுங்கள். போர் ஸ்ட்ரோக்குக்கு எஞ்சின் ஒயில், டூ ஸ்ட்ரோக்குக்கு டூ டி. கயிற்றை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்தால் அது சிலிண்டர் முழுக்கப் பூசிவிடும். பிளக்கைத் திரும்பப் போடுங்கள். போர் ஸ்ட்ரோக்கில் இப்போது கயிற்றை மிக மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை கனக்கும். அங்கே நிறுத்திக் கயிற்றை மெல்ல விடுங்கள். அந்த நிலையில் இரண்டு வோல்வும் மூடியிருக்கும். மஸ்கெலியாவின் ஜூன் மாதத்து ஈரம் உள்ளே போக வழி இல்லை.

சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள். மண்குளவிக்கு அந்த ஓட்டை மிகவும் பிடிக்கும். இரண்டு வாரத்தில் கூடு கட்டிவிடும். துணியின் மறு நுனியைக் கயிற்றுக் கைப்பிடியில் கட்டி விட்டால் எடுக்க மறக்க மாட்டீர்கள். உறையாகப் பொலித்தீனைச் சுற்றாதீர்கள், அதற்குள் வியர்க்கும். உரச்சாக்கை மேலே போட்டு, மெஷினைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில் வையுங்கள்.

திரும்ப எடுக்கும்போது

துணியை எடுங்கள். ஒயில் மட்டம் பாருங்கள். புதிதாக அடித்த பெற்றோலை ஊற்றி, டெப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள், கிண்ணம் நிறையட்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் ரப்பர்க் குமிழில் பெற்றோல் தெரியும்வரை அமுக்குங்கள். சோக் போட்டு இழுங்கள். முதலில் ஒரு வாய் வெள்ளைப் புகை வரும். நாம் விட்ட ஒயில்தான் எரிகிறது, பயப்பட வேண்டாம்.

ஐந்து தடவை இழுத்தும் வரவில்லை என்றால் கயிற்றோடு மல்லுக்கட்டாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, கூடிவிட்டது: துடைத்து, சோக்கைத் திறந்து, பத்து நிமிடம் விட்டு இழுங்கள். அதன்பிறகும் வராவிட்டால் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதலிலேயே பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் மேலே வரவே இல்லை: டெப், கப், ஜெட் என்று பெற்றோல் வருகிற வழியே வரிசையாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.